சித்தேரித் தண்ணீரின் நிறம்

கோயம்புத்தூர்,
20 ஜூன் 2025

மாமாவுக்கு,

மூன்று நாளாக நீங்கள் போன் செய்துகொண்டே இருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் சொல்வது ஒவ்வொரு தடவையும் வேறு கதையாக இருக்கிறது. இனி எழுதுங்கள். எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஸ்பீடு போஸ்டில் ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் மாணவர் பக்கத்தில் வந்த என் கட்டுரையைப் படித்திருப்பீர்கள். கருட சேவை அன்று ஊர் ஜனம் எல்லாம் காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தபோது, மாகறல் பக்கத்தில் இருக்கும் நம் சித்தேரியில் ஒரு டேங்கர் லாரி சாயத் தண்ணீரைக் கொட்டியது, ஏரி சிவந்தது, மீன்கள் செத்து ஒதுங்கின என்று எழுதியிருந்தேன். ‘நேரில் பார்த்த ஒருவர்’ என்று அதில் வருவது நீங்கள்தான். நீங்கள் சொன்ன லாரி நம்பரையும் போட்டிருந்தேன்.

நேற்று கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். லாரியின் சொந்தக்காரர், சாயப்பட்டறை முதலாளி கைலாசம், எனக்கும் கல்லூரிக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டு நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். ஜூலை 14, திங்கட்கிழமை, கல்லூரியில் விசாரணை. சாட்சி இருந்தால் கூட்டி வா, இல்லையென்றால் மன்னிப்பில் கையெழுத்துப் போடு, இரண்டும் முடியாதென்றால் இந்த வருஷம் வகுப்பில் உட்கார முடியாது என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

நான் மன்னிப்பு எழுதினால் என்னோடு போகாது. ஏரித் தண்ணீரில் நாற்று நட்டுக் காலெல்லாம் வெந்துபோன பெரியநாயகி அத்தை, என் கட்டுரையை வெட்டி மனுவோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீசில் கொடுத்திருக்கிறார். நான் பொய் என்று எழுதிக் கொடுத்தால் அந்த மனுவும் குப்பைக்குப் போகும்.

முதல் தடவை சொன்னபோது நீங்கள் பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். இரண்டாவது தடவை கரை மேல் நின்றீர்கள். மூன்றாவது தடவை லாரிக்குக் குறுக்கே படுத்தீர்கள். எது நடந்தது? நடந்ததை மட்டும் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நிரஞ்சனா


திருப்பருத்திக்குன்றம்,
24 ஜூன் 2025

என் அக்கா ரத்னமாலா பெற்ற தங்கமே, நிரஞ்சனா,

ஜெய் ஜினேந்திரா. உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் கொண்டுவந்தபோது தெருவே கூடிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பாகுபலி நயினாருக்கு ஸ்பீடு போஸ்ட் என்றால் சும்மாவா? “இன்னா நயினாரே, கவர்ன்மெண்டு லெட்டரா?” என்று கேட்டார்கள். இல்லை, ஒரு விசாரணைக் கமிஷனுக்கு என் அபிப்பிராயம் வேண்டுமாம் என்றேன். பொய்யில்லையே?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கட்டுரை பிரமாதம். அந்த வாரம் காஞ்சிபுரத்தில் பேப்பர் தட்டுப்பாடே வந்துவிட்டது. நான் ஒருவனே நாற்பது பேருக்குப் படித்துக் காட்டினேன். சுற்றுச்சூழல் என்பது நம் ரத்தத்தில் ஊறியது, மா. நான் படித்தது எட்டாம் வகுப்பு என்றாலும் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. போன வருஷம் ஏரியை அளக்க வந்த ஒரு விஞ்ஞானியிடம், “சார், சூரியன் ஏரியில இருக்கற ஆக்சிஜன வேக வெச்சிக்கினு இருக்குது, அதான் மீனுக்கு மூச்சு முட்டுது” என்றேன். அவர் அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டார். இப்போது டெல்லியில் அதைத்தான் பேசுகிறார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கருட சேவை அன்று என் குடிதண்ணீர் லாரிக்கு விடுமுறை. ஊருக்குள் பெருமாள் கருடன் மேல் வருகிறார், லட்சம் ஜனம், தெருவெல்லாம் அடைப்பு. நான் காலை ஏழு மணிக்கு டிவிஎஸ்ஸில் சித்தேரிப் பக்கம் போகிறேன். கரையில் ஒரு டேங்கர். பின்னால் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான் ஒருத்தன். ஆறரை அடி உயரம், காண்டாமிருகம் மாதிரி கழுத்து. தண்ணீர் கொட்டுகிறது பார், முகூர்த்தப் பட்டின் அரக்குச் சிவப்பு! ஏரி முழுக்க ஒரே சேலையை விரித்துப் போட்ட மாதிரி.

“யோவ், ஏரிய இன்னான்னு நெனச்சிக்கினே?” என்று ஒரு சத்தம் போட்டேன். கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

“உன் வேலையப் பாத்துக்கினு போய்யா” என்றான்.

விடுவேனா? சாவியைப் பிடுங்கப் பாய்ந்தேன். அவன் வண்டியைக் கிளப்பினான். நான் டிவிஎஸ்ஸில் துரத்த, நாலு நாய் என்னைத் துரத்த, ஓரிக்கை வரைக்கும் போனோம். பனைமரத்துக்குப் பின்னால் நின்றது, கரையில் நின்றது, குறுக்கே படுத்தது எல்லாமே உண்மைதான். வரிசையாக நடந்தது. நீ தனித்தனியாகக் கேட்டதால் தனித்தனியாகச் சொன்னேன்.

செத்த மீன் பத்தாயிரத்துக்குக் குறையாது. கெண்டை, கெளுத்தி, விரால். இன்னொன்றும் எழுதிக்கொள். குழாயைத் திறக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆள் ஏன் கண்ணை மூட வேண்டும் என்று என்னைக் கேட்காதே.

கீழே நீ கேட்டபடி கையெழுத்து. பாங்க் மேனேஜர் ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். ‘பா’வில் கிளம்பி, அடியில் இரண்டு கோடு பாம்பு மாதிரி பின்னிக்கொண்டு போகும், பார். இதைக் காட்டு. கைலாசம் என்ன, அவர் வக்கீலே வாயை மூடிக்கொள்வார்.

உன் தாய்மாமன்,
பாகுபலி நயினார்


கோயம்புத்தூர்,
30 ஜூன் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விசாரணைக் குழுவிடம் கொடுக்கவில்லை. என் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சுற்றுச்சூழல் பற்றி வரும் செய்திகளை வெட்டி அதில் ஒட்டுவேன். ஆற்றில் நுரை பொங்கியது. குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. கடைசி வரியில் அதிகாரிகள் வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவார்கள். எழுபது செய்தி ஒட்டியிருக்கிறேன், ஒன்றில்கூட அதைச் செய்த ஆள் இல்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் போய் அதைச் செய்தவன் யார்? அவனுக்கு வீடு இருக்கிறதா, அவன் வீட்டுக் குடத்தில் என்ன தண்ணீர் இருக்கிறது? யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் நீங்கள் சொன்னபோது துள்ளிக் குதித்தேன். என் கட்டுரையில் ஒரு ஆள் இருந்தான், ஒரு லாரி இருந்தது, நம்பர் இருந்தது.

அந்த நம்பர்தான் முதலில் உறுத்தியது. உங்கள் கதையில் மரம் மாறியது, இடம் மாறியது, நாய்கள் புதிதாக வந்தன. மீன்களின் கணக்கு ஏறிக்கொண்டே போனது. லாரி நம்பர் மட்டும் ஒரு தடவையும் மாறவில்லை. ஓடுகிற லாரியில் ஒரு தடவை பார்த்த நம்பரை, அம்மாவின் பிறந்தநாளையே மறக்கும் நீங்கள் எப்படி மறக்காமல் இருந்தீர்கள்?

நோட்டீசோடு கைலாசம் இரண்டு காகிதங்களை இணைத்திருக்கிறார். ஒன்று, பட்டறையின் வேலைப் பதிவு. அந்த வாரம் முழுக்க அங்கே சிவப்போ வேறு எந்தச் சாயமோ போடவில்லை. கச்சாப் பட்டின் பசை போவதற்குச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும் வேலை மட்டும்தான் நடந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வெள்ளை நுரையாக இருக்கும். என் கட்டுரையில் ஏரி சிவப்பு. ஒரே வார்த்தையில் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார்.

இரண்டாவது, லாரியின் ஓட்டச் சீட்டு. கருட சேவை நாளுக்கு நேராக ‘ஓட்டம் இல்லை, வண்டி ஷெட்டில்’ என்று இருக்கிறது. கீழே டிரைவர் கையெழுத்து. நகல் மங்கலாக இருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டையும் ஜன்னல் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘பா’வில் கிளம்புகிறது. அடியில் இரண்டு கோடு பின்னிக்கொண்டு போகிறது.

மாமா, நீங்கள் ஓட்டுவது குடிதண்ணீர் லாரியா?

நிரஞ்சனா


திருப்பருத்திக்குன்றம்,
3 ஜூலை 2025

நிரஞ்சனா,

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையெல்லாம் சுற்றினவன் நான். போலீஸ் கைரேகை நிபுணன் மாதிரி என் கையெழுத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தாயா?

ஆமாம், கைலாசத்தின் டேங்கர்தான் ஓட்டுகிறேன். அதனால் என்ன? நான் ஓட்டாவிட்டால் இன்னொருத்தன் ஓட்டுவான். தினமும் பட்டறைக் கழிவை ஏற்றிக்கொண்டு, ஊரைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றுகிறேன். நாலு வருஷமாக ஒரு சொட்டு வழியில் சிந்தியதில்லை. இது சத்தியம், இதில் எதையும் சேர்க்கவில்லை. கருட சேவை அன்று தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள். லாரி, தேர் நிற்கும் தேர்முட்டியைத் தாண்ட முடியாது. பட்டறையில் தொட்டி நிரம்பி வழிகிறது. முதலாளி என்னைப் பார்த்து, “ஏரி பக்கம் இன்னிக்கு ஒரு காக்கா கூட இருக்காதுபா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊற்று என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் சொல்வதற்கென்றே பிறந்தவர்.

நேற்று என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலி போட்டார்.

“இன்னாபா பாகுபலி, அந்தப் பொண்ணு உன் அக்கா பொண்ணாமே?”

தலையை ஆட்டினேன்.

“சீட்டுல கையெழுத்துப் போட்டது யாரு? நீ. வால்வத் தொறந்தது யாரு? நீ. நான் அன்னிக்குக் கருட சேவையில பந்தல் போட்டு மோர் ஊத்திக்கினு இருந்தேன், ஆயிரம் பேர் பாத்தான். கேஸு ஆனா யாருக்குபா ஆவும்? பொண்ணு கிட்ட சொல்லு. மன்னிப்புன்னு ரெண்டு வரி. படிக்கிற வயசு.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? ரெண்டு வரிதானே? எழுதிக் கொடுத்துவிடு. பெரியநாயகி காலுக்கு நான் மருந்து வாங்கித் தருகிறேன். மழை வந்தால் ஏரி தானாகக் கழுவிக்கொள்ளும், ஏரிக்குத் தெரியாதா?

உன் அம்மாவை நினைத்துப் பார். குடிக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று செத்துவிடப் போகிறதே என்று நம் சமண வழக்கப்படி துணியில் வடிகட்டுகிறவள் அவள். வடிகட்டின துணியைக்கூடத் திருப்பிக் கிணற்றிலேயே அலசுகிறவள். ‘என் தம்பி நாலு பேருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற வேலை பார்க்கிறான்’ என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் இதைச் சொல்லப் போகிறாயா? சொன்னால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? எழுதியதோடு நீ நிறுத்திக்கொள். இல்லையென்றால் உனக்கு மாமன் என்று ஒருத்தன் கிடையாது. நானே சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. போடமாட்டேன்.


கோயம்புத்தூர்,
7 ஜூலை 2025

மாமாவுக்கு,

கையெழுத்து இல்லாத கடிதம் கிடைத்தது. அதையும் யாரிடமும் காட்டவில்லை.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். 14ஆம் தேதி உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தச் சீட்டில் இருப்பது யார் கையெழுத்து என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லமாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது, என் வேலை இல்லை. ஆனால் மன்னிப்பும் எழுதமாட்டேன். மீன் செத்தது பொய் இல்லை. அத்தையின் கால் பொய் இல்லை. ஒரு வருஷம் போனால் போகட்டும். அப்பாவிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் எழுதியதில் பொய் ஒன்று உண்டு. அதை மட்டும் ஒப்புக்கொள்வேன். நீங்கள் அரக்குச் சிவப்பு என்றதும் ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டேன். ஏரிக்குப் போய் அத்தையைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்கும் சிவப்பு வேண்டியிருந்தது. வெறும் நுரை என்று எழுதினால் அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காது என்று உள்ளுக்குள் தெரியும். என் நோட்டில் இருக்கும் எழுபது செய்தியிலும் பார்த்தேன். படத்தில் கறுப்பாகவோ சிவப்பாகவோ தெரிகிற தண்ணீர் முதல் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும் தண்ணீர் எத்தனை ஊரைக் கொன்றாலும் உள்பக்கத்தில் நாலு வரி. சிவப்பு உங்களுடையதுதான். ஆனால் அச்சுக்கு அனுப்பியது நான்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. ஊர் காலியாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. நீங்களாக வாயைத் திறந்திருக்காவிட்டால் இது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. எழுதுகிறவள் என்று தெரிந்தே என்னிடம் வந்து ஏன் சொன்னீர்கள்?

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

நிரஞ்சனா


திருப்பருத்திக்குன்றம்,
10 ஜூலை 2025

நிரஞ்சனா,

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. லாரியிலேயே உட்கார்ந்து படித்தேன். பட்டறைக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

இதோடு ஒரு தனித் தாள் இருக்கிறது. அது உங்கள் விசாரணைக் குழுவுக்கு. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது, நாய், கொக்கு, என்னவாவது. நாலாவது தடவை எழுதியதைக் கீழே உனக்காகவும் எழுதுகிறேன்.

நான் பாகுபலி, வயது 51, கைலாசத்தின் சாயப்பட்டறையில் டேங்கர் டிரைவர். வைகாசி கருட சேவை அன்று காலை ஏழு மணிக்கு, பட்டு வேகவைத்த கழிவுத் தண்ணீரைச் சித்தேரியில் திறந்துவிட்டேன். கரையில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் சிவப்பாக இல்லை. வெள்ளையாக, நுரையாக இருந்தது. டேங்கர் காலியாக நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை அங்கேயேதான் நின்றேன். பாதியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வால்வை மூடியிருக்கலாம். மூடவில்லை. எத்தனை மீன் என்று எனக்குத் தெரியாது. அன்று ஓட்டம் இல்லை என்று மறுநாள் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

தாளில் இவ்வளவுதான். இனி எழுதுவது உனக்கு மட்டும். லாரியில் நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை வாளியில் ஊற்றி, கைக்கு எட்டிய மீனை எல்லாம் அள்ளி அதில் போட்டேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

ஏன் சொன்னாய் என்று கேட்டாய். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது, மா. ராத்திரியும் பகலும் அந்த வாய்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நடந்ததை நடந்தபடி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரு ஆறரை அடி ஆளைச் செய்து அவன் கையில் கொடுத்தேன். நீ அவனைப் பிடித்துவிடுவாய் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

முதலில் பெரியநாயகியிடம் போனேன். கழனியில்தான் இருந்தாள். தாளைப் படித்துக் காட்டினேன். “நாங்க பெருமாளப் பாக்கப் போனோம், நீ இந்த வேலையப் பாத்துக்கினு இருந்தியா?” என்றாள். அப்புறம் காலைத் தூக்கி வரப்பின் மேல் வைத்துக் காட்டினாள். கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. “பாத்துக்கோ” என்றாள். பார்த்தேன். தாளின் நகல் ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவோடு சேர்த்துக் கொடுப்பாள்.

அப்புறம் அக்காவிடம் சொன்னேன். பொழுது சாய்வதற்கு முன்னால் இலை போட்டு எனக்குச் சோறு வைத்தாள். அவள் உட்காரவில்லை. “நீயும் சாப்பிடு, அக்கா” என்றேன். “எனக்கு இன்னிக்கு இல்ல” என்றாள். இன்றைக்கும் உபவாசம்தான். கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். எத்தனை நாள் என்று தெரியவில்லை. நீ போன் செய்து பேசு. நான் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

கைலாசம் ஆள் அனுப்பியிருந்தார். நான் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை வருவார்கள். அதற்குள் கிளம்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு உங்கள் கல்லூரி வாசலில் நிற்பேன். என்னைத் தேடி நீ அலைய வேண்டாம், வாட்ச்மேன் பக்கத்திலேயே இருப்பேன். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொன்னால் குறுக்கே பேசாதே.

அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனதும் என்னை மாமா என்று ஆரம்பிக்காதே, நிரஞ்சனா. உறவைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடு, அது அப்புறம். முதலில், டேங்கர் டிரைவர் வந்திருக்கிறார் என்று சொல்.

பாகுபலி